ஒட்டாத மூடி

ஐந்து நிமிடப் பசை அது.
இரண்டு குழாய், இரண்டு துளி, சம அளவு.
பல்குத்தும் குச்சியால் கலக்கத் தொடங்கியதும்
கடிகாரம் குச்சிக்குள் வந்துவிடும்.

எதன்மேல் கலப்பது என்பதுதான்
அந்தக் குளிர்காலம் முழுக்க என் கவலை.
தாலின் நகரம், கோப்லி பக்கம், மரவீட்டின் இரண்டாம் மாடி.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
வேறு கவலையே இல்லையா என்றால்,
இருந்தன.
அவற்றைக் கலக்க வேண்டியிருக்கவில்லை.

'பகலெல்லாம் டிராமுக்கு பிரேக் மாற்றுகிறாள்,
ராத்திரி அதே டிராமை
எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்கிறாள்'
என்று வாம்போலா படிக்கட்டில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார்.
சரிதான்.
பெரியதைத் தொட்டால் கையில் எண்ணெய்,
சிறியதைத் தொட்டால் கையில் பசை,
மாதக் கடைசியில் மட்டும்
எந்தக் கையிலும் பசை இல்லை.

அதனால் வாங்கவில்லை, தேடினேன்.
பால் அட்டையின் உட்புறம்:
மேல்தோல் உரிந்து பசையோடு வந்தது.
குளியலறையில் மிஞ்சிய டைல்:
முதல் நாள் அருமை, மறுநாள் உளி வைத்துச் சுரண்டியதில்
டைல் இரண்டானது, பசை ஒன்றாகவே இருந்தது.
தலைவலி மாத்திரை இருந்த குழி:
குச்சி அடியைத் துளைத்துக்கொண்டு
மேசைவிரிப்பில் போய் நின்றது.

பிறகு அந்த இரவு.
கலக்க ஒன்றுமில்லை, அவசரம்,
ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, அரிசிமணி அளவு,
இடுக்கியின் நுனியில் நடுங்குகிறது.
இழுப்பறையில் சீட்டுக்கட்டு.
கைக்கு வந்தது கிளாவர் ராஜா.

வியாழன் இரவு என் சமையலறையில் ஆட்டம்.
வாம்போலா, லெய்லி, கீழ்வீட்டு ஸ்னெஷானா.
எண்ணினாள், ஐம்பத்தொன்று.
மறுபடி எண்ணினாள்.
நான் எழுந்துபோய் ராஜாவைக் கொண்டுவந்து வைத்தேன்.
தாடியின்மேல் அம்பர் போல ஒரு கட்டி,
உள்ளே இரண்டு காற்றுக்குமிழி.
யாரும் பேசவில்லை. லெய்லிக்கு மட்டும் இருமல் வந்தது,
அது இருமல் இல்லை.

ஸ்னெஷானா இறங்கிப்போய் ஏறிவந்தாள்,
கையில் மத்தி மீன் வாளியின் வெள்ளை மூடி.
அவளுக்கு வேலை மீன் பொதியும் ஆலையில்,
லேபிள் ஒட்டும் பிரிவு.
'இந்தச் சனியன்மேல் எதுவும் ஒட்டாது.
ஷிப்டு முழுக்க என் உயிரை வாங்குகிறது.
உனக்காவது உதவட்டும்.'

அன்றிரவு கலந்தேன்.
காலையில் மூடியை லேசாக வளைத்தேன்.
டிக்.
பசை ஒரு காசுபோல எகிறித் தரையில் உருண்டது.
மூடி, நேற்று எதுவும் நடக்காத முகத்தோடு.
எண்ணெய் பூசிப் புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
எண்ணெயே பூசாமல் இது தப்பித்துவிடுகிறது.

நாற்பத்தொரு முறை ஆயிற்று, அதே மூடி.
கழன்ற வில்லைகளை ஜாம் பாட்டிலில் போடுகிறேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.
வெளிச்சத்தில் பிடித்தால்
என் குச்சி சுற்றிய சுற்று தெரியும்.
ஒன்று மட்டும் இன்னும் இறுகவில்லை,
தம்பி போனில் அம்மா வீட்டை விற்றதைச் சொன்ன இரவு அது.
அளவு தவறியிருக்கும்.
தொட்டால் ரேகை பதிகிறது.

புதுக் கட்டு வாங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.
ராஜா வந்த கை புடைத்து நிற்கும்,
யாரிடம் இருக்கிறான் என்று நால்வருக்கும் தெரியும்,
தெரியாததுபோலவே ஆடுகிறோம்.
வாம்போலா அப்படியும் தோற்கிறார்.

மூடியை சோப்பில் மூன்று முறை கழுவியாயிற்று.
வாசனை போகவில்லை.
வாம்போலாவின் பூனை இப்போது
தினமும் மாடியேறி வந்து
டிராமின் முன் உட்காருகிறது,
ஏறப்போகிறதுபோல.